கூப்பன் மாவில் சுட்ட முறுக்கு

அன்போடு ஒருவர் தந்த பலகாரத்தை நான் நாய்க்குப் போட்டேன்.

அது யுத்த காலம்; மாவும் அரிசியும் கூப்பனுக்கு அளந்துதான் கிடைக்கும். கிறிஸ்து பிறந்த நத்தார் மாதத்து மழையில், எங்கள் கொட்டாஞ்சேனை வீட்டில் எல்லோரும் மாலைதோறும் அடுப்பைச் சுற்றியிருந்து பலகாரம் சுடுவோம். ஒரு மாலை, எங்கள் துணி வெளுக்கும் நரைமீசைக்காரர் வந்தார். வழக்கம்போல உடுப்பு மூட்டையைத் தன் சால்வையால் மூடிவிட்டு, தான் நனைந்திருந்தார்.

“பிள்ளையளுக்கு, ஐயா. கூப்பன் மாவில மனுசி சுட்ட முறுக்கு.”

“நாயாவது தின்னுதோ பாப்பம்” என்று முற்றத்தில் வீசினேன். பிள்ளைகள் சிரித்தார்கள்.

அவர் பார்த்துக்கொண்டு நின்றார். “தின்னுது, ஐயா.”

அடுத்த நத்தாருக்கு நானே அவர் வீட்டுக்குப் பீங்கான் தட்டில் பலகாரம் கொண்டுபோய் மன்னிப்புக் கேட்டேன். பலகாரத் தட்டை எங்கள் பக்கத்தில் ஒருவரும் வெறுமையாகத் திருப்புவதில்லை. அவர் அதைக் கழுவித் துடைத்து, வெறுமையாகவே நீட்டினார்.

“இந்த முறை மனுசி ஒண்டும் சுடேல்லை, ஐயா.”

உள்ளேயிருந்து முறுக்குப் பொரியும் மணம் வந்தது.