ஈர மரக் கட்டில்

என் கல்யாணக் கட்டில் இரண்டாவது ஆடி மாதத்தில் மாவு கொட்டத் தொடங்கியது. காலையில் பெருக்கும்போது கட்டிலுக்கு அடியில், சலித்த கடலை மாவு போல மஞ்சளாகச் சின்னச் சின்னக் குவியல்கள் கிடந்தன. கூட்டி எடுத்தால் மறுநாள் அதே இடத்தில் அதே அளவு இருக்கும். அப்போது என் மகளுக்கு எட்டு மாதம். தவழ்ந்து போய் அதை விரலால் தொட்டு வாயில் வைத்துக்கொண்டாள். அவள் வாயைத் துடைத்துவிட்டு, மரத்தூளில் விஷம் உண்டா என்று யாரைக் கேட்பது எனத் தெரியாமல் அன்று முழுவதும் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒன்றும் ஆகவில்லை. ஆனாலும் மறுநாளும் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கள்ளக்குறிச்சியில் ஒரு வீட்டின் பின்பகுதியில் குடியிருந்தோம். கணவர் கல்வராயன் மலையில் ஒரு பள்ளியில் ஆசிரியர். சனிக்கிழமை மதியம் இறங்கி வருவார், திங்கட்கிழமை முதல் பஸ்ஸில் ஏறிவிடுவார். முன்பகுதியில் வீட்டுக்காரர் குடும்பம் இருந்தது. கடைத்தெருவில் அவர்களுக்கு இரும்புச் சாமான் கடை. வீட்டுக்கார அக்கா தினமும் தொழுகை முடித்துவிட்டு என் வாசலில் வந்து நிற்பார். அந்த மாவை முதலில் பார்த்துச் சிரித்தவர் அவர்தான்.

"இன்னாம்மா, கட்டிலுக்கு அடியில மில்லு வச்சிக்கீறியா? நல்லா நைசா வருதே."

"பூச்சிக்கா."

"தெரியுது. எங்க நாத்தனா வூட்லயும் இதே கதைதான். அந்த வருசம் கல்யாணம் பண்ணவங்க வூட்டுக்கெல்லாம் போய்ப் பாரு, எல்லாரும் கூட்டிக்கினுதான் இருப்பாங்க."

அந்த வருசம் என்று அவர் சொன்னது இட ஒதுக்கீடு கேட்டு சாலை மறியல் நடந்த வருடத்தை. எங்கள் பக்கத்துச் சாலைகளில் மரங்களை வெட்டிக் குறுக்கே போட்டிருந்தார்கள். ஒரு வாரம் பஸ் இல்லை. எல்லாம் அடங்கிய பிறகு அந்த மரங்களை ஏலம் விட்டார்கள். ஏலம் எடுத்தவர்களிடமிருந்து ஊர் ஊராக மக்கள் வாங்கினார்கள். மூங்கில்துறைப்பட்டு பக்கத்தில் கரும்பு பயிரிடும் என் அப்பாவும் ஒரு பெரிய தூங்குமூஞ்சி மரத்தை மாட்டு வண்டியில் ஏற்றி வந்தார். தை மாதத்தில் எனக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. அறுக்கும்போது ரம்பத்தில் தண்ணீர் வழிந்தது. ஒரு வருடமாவது காய வேண்டும் என்று தச்சர் சொன்னார். கல்யாணத்தை ஒரு வருடம் தள்ளிவைக்க முடியுமா என்று அப்பா அவரையே திருப்பிக் கேட்டார். கட்டிலும் பீரோவும் ஈரத்தோடு என்னுடன் வந்தன. அறுத்த பலகை கொஞ்சம் எங்கள் வீட்டுக் கொட்டகையிலேயே தங்கிவிட்டது.

அப்பா மாதம் ஒரு கார்டு எழுதுவார். மழை, ஆலையில் கரும்பு வெட்ட உத்தரவு, அம்மாவின் கால் வலி எல்லாம் எழுதிவிட்டுக் கடைசி வரியில், 'கட்டில், பீரோ எல்லாம் நல்லபடி உள்ளதா' என்று கேட்பார். 'நல்லபடி உள்ளது' என்று நானும் கடைசி வரியில் எழுதினேன். முதல் முறை எழுதியபோது அது உண்மை. பிறகு மாற்றி எழுதக் கை வரவில்லை. கல்யாணச் சீராக வந்த கட்டிலை விற்க மாட்டார்கள், இன்னொருவருக்குக் கொடுக்க மாட்டார்கள், உடைந்தது என்று சொன்னாலே பெண்ணுக்கு ஏதோ குறை என்று நினைப்பார்கள். நான் கல்லூரியில் இரண்டு வருடம் விலங்கியல் படித்தவள். இதையெல்லாம் நம்பவில்லை என்றுதான் சொல்லிக்கொள்வேன். அப்பா நம்புகிறாரே என்பதுதான் சிக்கல்.

என்னால் முடிந்ததைச் செய்தேன். இங்க் ஃபில்லரில் மண்ணெண்ணெய் எடுத்து ஒவ்வொரு ஓட்டையிலும் விட்டு, மேலே மெழுகுவர்த்தியை உருக்கி அடைத்தேன். மூன்று நாள் கழித்துப் பக்கத்தில் புது ஓட்டைகள் வந்தன. மண்ணெண்ணெய் வாசனை குழந்தைக்கு ஆகுமா என்று பயந்து அவளைத் தரையில் பாய் போட்டுப் படுக்கவைத்தேன். மழை பிடித்ததும் சுவரோரம் ஒரு பூரானைப் பார்த்தேன். மறுபடியும் கட்டிலில் படுக்கவைத்தேன். எது சரி என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

ஐப்பசியில் மறுபடி மறியல் வந்தது. பஸ் ஓடவில்லை. கணவர் மலையிலேயே தங்கிவிட்டார். ஒரு மதியம் குழந்தையைக் கட்டிலில் தூங்க வைத்துவிட்டு வாசலில் துணி உலர்த்திக்கொண்டிருந்தேன். உள்ளே பலகை விழும் சத்தம் கேட்டது. பக்கச் சட்டம் காலோடு சேரும் இடத்தில் உள்ளுக்குள் பொடியாகியிருந்தது. சட்டம் நழுவ, மேலிருந்த பலகைகள் சரிய, அவள் பாயிலிருந்து வழுக்கித் தரையில் விழுந்திருந்தாள். நெற்றியில் எலுமிச்சம்பழம் அளவுக்கு வீக்கம். அழுதாள், பால் குடித்தாள், தூங்கினாள். தூங்கவிடலாமா கூடாதா என்று தெரியாமல் பத்து நிமிடத்துக்கு ஒரு முறை எழுப்பினேன். வீட்டுக்கார அக்கா வந்து, "புள்ளைய தூங்க உடு, நீ எழுப்பி எழுப்பித்தான் அது அழுதுகினு கெடக்குது" என்று அதட்டினார்.

அன்று சாயங்காலமே கட்டிலைப் பிரித்துப் போட்டேன். ஓர் ஊக்கை எடுத்து ஒவ்வொரு துண்டாகக் குத்திப் பார்த்தேன். வெளிர் நிறப் பகுதிகளில் ஊக்கு வெண்ணெயில் போவது போல இறங்கியது. வைரம் பாய்ந்த கறுத்த நடுப்பகுதியில் முனை வளைந்ததே தவிர இறங்கவில்லை. நான்கு கால்களும் பாதிக்குக் கீழே வைரமாக இருந்தன. சட்டம், பலகை, தலைமாடு எதுவும் தேறவில்லை.

நோட்டில் வரைந்து பார்த்தேன். கால்களில் நல்ல பாகத்தை மட்டும் வைத்துக்கொண்டால் கட்டில் ஒரு சாண் உயரத்துக்கு வரும். விழுந்தாலும் அடி கம்மி. சட்டத்துக்கு என்ன செய்வது என்பதுதான் பிடிபடவில்லை. எந்த மரத்தைப் போட்டாலும் ஒரு நாள் பூச்சி வரத்தான் போகிறது. அப்படியானால் வந்த பிறகு அந்த ஒரு துண்டை மட்டும் கழற்றி மாற்ற வழி இருக்க வேண்டும். ஒவ்வொரு காலிலும் இரண்டு இரும்புக் குழாய்த் துண்டுகளை போல்ட் போட்டு முடுக்கி, அதற்குள் மூங்கிலைச் சொருகி, கழன்று வராமல் குறுக்கே ஓர் ஆணி. பலகைக்குப் பதில் நைலான் நாடா. அடுத்த வாரம் பஸ் ஓடியதும் வந்த கணவரிடம் நோட்டைக் காட்டினேன். நெற்றி வீக்கம் வற்றிப் பச்சையாகியிருந்தது. அதற்கும் பதில் சொல்ல வேண்டியிருந்தது.

"மூங்கில் நான் கொண்டாறேன். மேல ஓடைத் தண்ணில ஒரு மாசம் ஊறப் போட்டுத்தான் எடுக்கறாங்க, பூச்சி சீக்கிரம் வராதாம்" என்றவர், நோட்டை என்னிடம் திருப்பி நீட்டி, "கால வெட்டறதுக்கு முன்னாடி உங்கப்பாவுக்கு ஒரு வார்த்த எழுதிரு" என்றார்.

எழுதுகிறேன் என்றேன். எழுதவில்லை.

குழாய் வேலைக்கு வீட்டுக்கார அக்காவே, டிராக்டர் டிரெய்லர் செய்யும் ஒரு பட்டறைக்கு என்னை அழைத்துப் போனார். பட்டறைக்காரர் நோட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இன்னாங்க இது, கட்டிலா டிரெய்லரா?"

"கட்டில்தாங்க."

"கீழ சக்கரமும் வச்சிர்லாமே. வேணும்னா மாட்ட பூட்டிக்கினு ஊருக்குப் போய்க்கலாம்."

"அதெல்லாம் போவாது, அவ வரைஞ்சபடி நீ அடி" என்றார் அக்கா.

அடித்துக் கொடுத்தார், அளவு பிசகாமல். குழாய் விளிம்பில் குழந்தை மோதிக்கொள்வாளே என்று பழைய சைக்கிள் டியூபை வெட்டி எட்டு முனையிலும் சுற்றினேன். நாடா இடைவெளியில் அவள் கால் மாட்டுமோ என்று பின்னியதைப் பிரித்து நெருக்கமாகப் பின்னினேன். மார்கழி முடிவதற்குள் கட்டில் நின்றது. அவள் தானாக ஏறினாள், தானாக இறங்கினாள். தேறாத மரத்தை வெந்நீர் அடுப்பில் வைத்தபோது மட்டும், சீர்க் கட்டிலையே எரிக்கிறாள் என்று ஆகிவிடக் கூடாதே என, அக்கா பார்க்காத நேரமாகப் பார்த்து வைத்தேன்.

பொங்கலுக்கு இரண்டு நாள் முன்பு அப்பா சீர் கொண்டுவந்தார். கட்டிலின் உயரம் தெரியாமல் இருக்க, போர்வையைத் தரை வரை தொங்கவிட்டிருந்தேன். இப்போது சொல்வதில்லை, அவர் சாப்பிட்ட பிறகும் சொல்வதில்லை, ஊருக்குப் போனபின் எழுதிவிடலாம் என்று முடிவு செய்திருந்தேன். அவர் கரும்பைச் சுவரில் சாய்த்தார், அரிசிப் பையை இறக்கினார், கடைசியாகச் சாக்குப்பை சுற்றிய ஒன்றைப் பிரித்தார். நடைவண்டி. மூன்று சக்கரம், பிடித்துக்கொள்ள ஒரு குறுக்குக் கட்டை, பச்சை வர்ணம்.

"கொட்டாயில பலக மிச்சம் கெடந்துது. ஒன் கட்டில் மரந்தான். பாப்பா புடிச்சிக்கினு நிக்கறான்னு எழுதனியே, அதான் அடிக்கச் சொன்னேன்."

மகள் அதற்குள் தவழ்ந்து போய்க் கட்டையைப் பிடித்து எழுந்து நின்றுவிட்டாள். கட்டை அவள் மார்பு உயரத்தில் இருந்தது. உடைந்தால் முகம்தான் முதலில் தரையில் படும்.

"அப்பா, அவள அதுல உடாதீங்க."

"ஏன்?"

"கட்டில் பூச்சி அரிச்சிட்டுதுப்பா. சட்டம் வுட்டுப்போயி பாப்பா வுழுந்துட்டா."

அப்பா குழந்தையைத் தூக்கிக்கொண்டார். "எப்ப?"

"ஐப்பசில."

"நல்லபடி உள்ளதுன்னு எழுதனியே."

"ஆமாம்பா."

அவர் குழந்தையின் நெற்றியைத் தடவிப் பார்த்தார். அங்கே எதுவும் இல்லை. பிறகு குனிந்து போர்வையைத் தூக்கினார். வெகுநேரம் பார்த்தார். ஓர் ஆணியை உருவி, மூங்கிலை ஓர் அங்குலம் இழுத்து, திரும்பச் சொருகினார்.

"கால அறுத்துட்டியா?"

"அதுவரைக்குந்தாம்பா நல்லா இருந்துது."

"யார் சொல்லி செஞ்ச?"

"நானேதான்."

உட்கார்ந்து பார்த்தார். முழங்கால் மார்பு வரை வந்தது. "ஒங்கம்மாகிட்ட சொல்லாத" என்றார். "காய உட்டு அடிங்கன்னு தலதலயா அடிச்சிக்கினா. தெரிஞ்சா சோறு போடமாட்டா."

நான் சிரிக்கலாமா என்று யோசித்தேன். அவர் சிரிக்கவில்லை. காலால் நடைவண்டியை என் பக்கம் தள்ளினார்.

"பாரு. எது தேறும், எது தேறாதுன்னு நீயே சொல்லு."

அப்பா கொண்டுவந்த பொருளை அவர் எதிரிலேயே ஊக்கால் குத்திப் பார்ப்பது எனக்குக் கூச்சமாக இருந்தது. குத்தினேன். இரண்டு வருடம் காய்ந்ததாலோ என்னவோ, சக்கரங்களும் செங்குத்துக் கட்டைகளும் கெட்டியாக இருந்தன. பிடிக்கும் குறுக்குக் கட்டையில் பச்சை வர்ணத்துக்கு அடியில் ஊசிமுனை அளவில் மூன்று ஓட்டைகள். ஒன்றில் ஊக்கு பாதி வரை இறங்கியது.

"இது மட்டும் வேணாம்பா."

"மூங்கில் மிச்சம் வச்சிருக்கியா?"

வைத்திருந்தேன். அக்கா வீட்டிலிருந்து ரம்பம் வாங்கி வந்தேன். அப்பா அறுத்தார், நான் மறுமுனையைப் பிடித்துக்கொண்டேன். வண்டியை எடுத்துக்கொண்டோம் என்று மகள் அழுதுகொண்டிருந்தாள். அறுத்த மூங்கிலில் சிலாம்பு இருந்தால் கையில் ஏறிவிடும். உப்புத்தாளை எடுத்துத் தேய்க்க உட்கார்ந்தேன்.

அப்பா வெற்றிலை போட்டு முடித்து எட்டிப் பார்த்தார். "போதும்மா, எவ்ளோ நேரம் தேய்ப்ப? கொழந்த அழுவுது."

"இந்த ஓரம் மட்டும்பா" என்றேன். உண்மையில் இன்னும் இரண்டு ஓரங்கள் இருந்தன.