ஒன்றாம் வகுப்பு செக்போஸ்ட்

ரெட்டிபாளையத்துக்கு அடுத்த சின்ன ஊர் ஒன்றில், 1998-ஆம் ஆண்டு ஒன்றாம் வகுப்பு எடுத்தவர் லீலாவதி டீச்சர். தினமும் உடையார்பாளையத்திலிருந்து பஸ்ஸில் வருவார். சிமெண்டு லாரிகளுக்குப் பின்னால் ஊர்ந்து வரும் பஸ் அது. இறங்கியதும் சேலையை உதறினால் தூசு வெள்ளையாகப் பறக்கும்.

அவருடைய பிள்ளைகள் அ, ஆ எல்லாவற்றையும் பாட்டாகப் பாடிவிடுவார்கள். ஆனால் ஒரு சொல்லை எழுதிக் காட்டினால், கடைசி எழுத்துக்கு வருவதற்குள் முதல் எழுத்தை மறந்துவிடுவார்கள். முகத்தைப் பார்த்ததும் பெயர் சொல்வதுபோல, சொல்லைப் பார்த்ததும் சொல்ல வைக்க வேண்டும் என்று டீச்சர் துடித்தார். சாப்பாட்டு வேளையில் பிள்ளைகள் வாயாலேயே லாரி ஓட்டுவதைப் பார்த்தபோது அவருக்கு வழி தெரிந்தது.

பழைய சிமெண்டுப் பையின் காகிதத்தை வெட்டி, துண்டுக்கு ஒரு சொல் எழுதினார். பால், மாடு, கல், மழை. அதுதான் லோடு. பிள்ளைகள் ஆளுக்கு ஒரு துண்டை எடுத்து உறுமிக்கொண்டு வருவார்கள். வாசலில் ஒரு பிள்ளை குச்சியை நீட்டி மறிக்கும். அதுதான் செக்போஸ்ட்.

“லோடு என்ன?”

“பால்!”

“போலாம், ரைட்!”

தப்பாகச் சொன்னால், “ஓவர்லோடு! வண்டியத் திருப்பு!” என்று வகுப்பே கத்தும்.

ஆர்த்திதான் தப்பே சொல்லாத டிரைவர். அவள் அம்மா பச்சையம்மாள் சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் வேலை செய்பவள். எழுத்து தெரியாது. ஒருமுறை அரியலூர் போக நினைத்துத் தா.பழூர் பஸ்ஸில் ஏறி, பஸ்ஸே சிரிக்க நடுவழியில் இறங்கியவள். தன் மகளுக்கு அந்த நிலை வரக்கூடாது என்பது ஒன்றுதான் அவள் எண்ணம். ஒரு நாள் பள்ளிக்கு வந்துவிட்டாள்.

“லாரி ஓட்டத்தான் அனுப்புறனா டீச்சரு? நர்சரி ஸ்கூல் வேன்ல ஏத்தி வுடப் போறேன்.”

“வெள்ளிக்கிழமை வந்து பாத்துட்டு முடிவு பண்ணுங்க” என்றார் லீலாவதி.

வியாழக்கிழமை சாயங்காலம் யார் வீட்டு ஆடோ ஜன்னல் வழியாகத் தலையை விட்டு லோடு முழுவதையும் தின்றுவிட்டது. டீச்சர் சிரித்துக்கொண்டே காலண்டர் தாளின் பின்பக்கம் புதிதாக எழுதினார். மறுநாள் பச்சையம்மாள் பார்த்துக்கொண்டிருக்க, ஆர்த்தியிடம் ‘பால்’ வந்தது. அவள் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

“சொல்லும்மா. நேத்து சொன்னதுதானே?”

“இது பாலு இல்ல டீச்சர். பாலுல எண்ணெக் கறை இருக்கும்.”

மாட்டுக்கு ஓரம் கிழிந்திருக்கும், கல்லில் தையல் ஓட்டை இருக்கும் என்று மற்ற பிள்ளைகளும் ஆளுக்கொன்று சொன்னார்கள். இத்தனை நாளும் அவர்கள் படித்தது கறையைத்தான். லீலாவதிக்கு முகம் சுண்டிப்போனது. ஆனாலும் மழுப்பவில்லை.

“தப்பு புள்ளைங்க மேல இல்லீங்க. என் மேலதான்.”

“யாரு தப்போ, படிக்கலல்ல? அடுத்த வாரம் போயி அடுத்த திங்கக்கிழம வேன் வருது டீச்சரு.”

வேறு யாராக இருந்தாலும் விளையாட்டை மூட்டை கட்டியிருப்பார்கள். லீலாவதி அதைப் பெரிதாக்கினார். ஒரே சொல்லைப் பலர் கையால் எழுதி வாங்கினார். ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் கரியால் எழுதித் தந்தார்கள். பஸ் கண்டக்டரிடம்கூட ஒரு தாளை நீட்டி, ‘மாடு’ என்று எழுதச் சொன்னார்.

“எதுக்கு டீச்சர், டிக்கெட்டுக்குப் பதிலா மாடா?” என்று சிரித்தபடி அவரும் எழுதிக் கொடுத்தார். சில சொற்களை ஈர விரலால் தரையில் எழுதினார் டீச்சர். காய்வதற்குள் படித்தால்தான் வண்டி போகும்.

அந்தத் திங்கட்கிழமை டீச்சர் பஸ்ஸை விட்டு இறங்கியபோது, வைத்திலிங்கம் டீக்கடை முன்னால் பச்சையம்மாளும் ஆர்த்தியும் வேனுக்காக நின்றிருந்தார்கள். கடைப் பலகையில் சாக்பீஸால் கோணல்மாணலாக எழுதியிருந்தது. ஆர்த்தி அண்ணாந்து பார்த்தாள்.

“பால்.”

“யாராச்சும் சொல்லிக் குடுத்திருப்பாங்க” என்றாள் பச்சையம்மாள். “அண்ணே, வேற ஏதாச்சும் எழுதுங்க.”

வைத்திலிங்கம் டம்ளர் தண்ணீரில் விரலை நனைத்து பெஞ்சின் மேல் எழுதினார். லீலாவதி சாலையோரத்திலேயே நின்றார். உதவி செய்ய ஒரு அடிகூட எடுத்து வைக்கவில்லை. ஆர்த்தி கழுத்தைச் சாய்த்தாள். வெயிலில் முதல் எழுத்து காயத் தொடங்கியது.

“மழை!”

“சரியாண்ணே?”

“மழையேதான். எங்கையெழுத்த எம் பொண்டாட்டியே படிக்க மாட்டா!”

அதற்குள் வேன் வந்து ஹாரன் அடித்தது. ஆர்த்தி கீழே கிடந்த குச்சியை எடுத்து அதன் முன்னால் நீட்டினாள்.

“லோடு என்ன?”

டிரைவர் விழித்தார். பச்சையம்மாள் வேனின் பக்கவாட்டில் உள்ளங்கையால் தட்டினாள்.

“இங்க லோடு ஒண்ணும் இல்ல. போலாம், ரைட்!”

வேன் போன பிறகு, டீச்சரின் முகத்தைப் பார்க்காமல் மெதுவாகச் சொன்னாள்: “அந்தத் தா.பழூரையும் அரியலூரையும் எழுதிக் குடுங்க டீச்சரு. சாயங்காலம் இவ எனக்கு செக்போஸ்ட் போடட்டும்.”