ஆறாவது ஆல்பத்துக்கு ஒரு பல்செட்

வலது கைக் கட்டைவிரல் உப்புத்தாளை மடித்துப் பிடித்திருக்கிறது. இடது உள்ளங்கையில், பாதியாக வெட்டிய பெரிய கோலிக்குண்டு போல ஓர் இளஞ்சிவப்புக் கிண்ணம். அதன் விளிம்பை மூன்று சுற்று தேய்ப்பது, ஊதுவது, ஜன்னல் பக்கம் தூக்கிப் பார்ப்பது, மறுபடி மூன்று சுற்று. இன்னொரு பாதி ஈரத்துணி மேல் கிடக்கிறது. இரண்டும் மயிரிழை இடைவெளி இல்லாமல் உட்கார்ந்தால்தான் ஒட்ட முடியும். ஒட்டிய பந்துக்குள் காற்றைத் தவிர ஒன்றும் இருக்கக் கூடாது. கனம் கூடினால் மேல்வாயில் நிற்காது. பேசப் பேச இறங்கிவிடும்.

அந்த வட்டாரத்துப் பல் மருத்துவர்கள் அவனைப் பல்செட்காரர் என்பார்கள். மருத்துவர் வாயை அச்செடுத்து அனுப்புவார். அவன் மாவு அச்சு வார்த்து, மெழுகில் பல்லை நட்டு, பிறகு மெழுகை உருக்கிவிட்டுப் பிளாஸ்டிக் மாவை அடைத்து வேகவைத்து, மெருகு போட்டுத் திருப்பி அனுப்புவான். பட்டம் ஒன்றும் கிடையாது. உடைந்து வந்த பழைய செட்டுகளை இன்னும் உடைத்துப் பார்த்துக் கற்றுக்கொண்ட வேலை. இருபத்திரண்டு வருடத்தில் ஆயிரக்கணக்கான வாய்களுக்குப் பல் கட்டியிருக்கிறான். அவற்றில் நேரில் பார்த்தவை பத்துக்குள் அடங்கும். இப்போது கையில் இருப்பது அந்தப் பத்தில் ஒன்றுக்கு. அவனுடைய அக்காவின் வாய்.

அக்கா டிரைவிங் ஸ்கூலில் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவள். அவனைவிட நான்கு வயது மூத்தவள். ஊருக்கு அவன் பல்செட்காரர் என்றால் அவளுக்கு மட்டும் 'பல்லா'. எந்த விஷயத்திலும் அவளுக்கு ஒரு கருத்து உண்டு; சரளையின் ஆல்பங்களைப் பற்றி என்றால் கருத்து இல்லை, தீர்ப்பு.

சரளை என்பது ஒரு ராப் பாடகனுக்கு ரசிகர்கள் வைத்த பெயர். ஜல்லியை வாளியில் கொட்டினாற்போல ஒரு குரல். இருபது வருடத்தில் ஆறு ஆல்பம். ஒவ்வொன்று வரும்போதும் அக்கா காரை மர நிழலில் நிறுத்தி, கண்ணாடிகளை ஏற்றிவிட்டு, முதல் பாட்டிலிருந்து கடைசிப் பாட்டு வரை தாண்டாமல் கேட்பாள். பிறகு நேராகத் தம்பியின் பட்டறைக்கு வந்து, ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு, பாட்டுக்குப் பாட்டு சொல்வாள். மூத்தவள் சொல்லி முடிக்கிற வரை தம்பி வாய் திறக்கக் கூடாது என்பது சட்டம். அதன் பிறகு சண்டை.

முதல் ஆல்பம் ஒரே அறையில் பதிவு செய்தது. பின்னால் ஒரு ஃபிரிட்ஜ் உறுமுவது கேட்கும். "அந்த ஃபிரிட்ஜுக்கும் அட்டையில பேர் போட்டிருக்கணும்டா. தாளம் தப்பாம இருக்கிறது அது ஒண்ணுதான்" என்றாள். ஆனாலும் ரிவர்ஸ் எடுக்கப் பழகுகிறவர்களுக்குக் காரில் அதைத்தான் போடுவாள், பயம் போகுமாம்.

இரண்டாவது ஆல்பம் தம்பிக்கு உயிர். அதில் ஒரு பாட்டில் பதினாறு வரி மூச்சே விடாமல் போகும், பல் தெறிக்கிற வேகத்தில்.

"மூச்சு வாங்கின இடத்தையெல்லாம் வெட்டி எறிஞ்சிருக்காங்க. எந்த மனுஷன் இப்படிப் பேசுவான்? கிளட்ச் மிதிக்காம கியர் மாத்துற மாதிரி இருக்கு" என்றாள் அக்கா.

"வேகம் உனக்குப் பிடிக்கலன்னு சொல்லு."

"வேகம் பிடிக்கும். பொய்தான் பிடிக்காது."

மூன்றாவதுக்குப் 'புகார்ப் பெட்டி' என்று பெயர் வைத்தாள். "இவனை யார் யார் திட்டினாங்கன்னு நாம எதுக்குடா ஒன்பது பாட்டு கேக்கணும்?" நான்காவது, சரளை தன் அப்பா போன பிறகு எழுதியது. அந்த வருடம்தான் இவர்கள் அப்பாவும் போயிருந்தார். அன்று அக்கா ஸ்டூலில் உட்காரவில்லை. "இதைக் கேட்டுக்கிட்டு ஸ்டியரிங் பிடிக்கக் கூடாது" என்று வாசலில் நின்றே சொல்லிவிட்டுப் போய்விட்டாள். ஐந்தாவதில் சரளை வயலின்களோடு பாட ஆரம்பித்தான். "நாப்பது தாண்டினா ஆம்பளைங்களுக்கு வர்ற வியாதி இது" என்றாள். அதற்கு நடந்த சண்டையில் தம்பியின் மனைவி உள்ளே வந்து, "கோர்ட்டே தேவலாம், அங்க மத்தியானம் சாப்பிட விடுவாங்க" என்று சொல்லிப் பிரித்துவிட்டாள்.

அதற்குப் பிறகு அக்காவின் மேல்தாடையில் வலது பக்கம் ஒரு கட்டி வந்தது. அறுவை சிகிச்சையில் ஆறு பல்லும் மேலண்ணத்தில் பாதியும் போயின. வாய்க்கும் மூக்குக்கும் நடுவில் ஓர் ஓட்டை. குடித்த தண்ணீர் மூக்கில் வரும். 'ப' என்று சொன்னால் காற்று மேலே தப்பி 'ம' ஆகிவிடும். 'பிரேக்' என்று கத்தினால் 'மிரேங்' என்று கேட்கும். அதைக் கேட்டு யாரும் பெடலை மிதிக்கப் போவதில்லை.

அந்த ஓட்டையை அடைக்கத்தான் பின்னால் பந்து வைத்த மேல்செட். முதல் செட்டை அவன் ஒன்பது நாளில் செய்தான். மருத்துவர் பொருத்திவிட்ட அன்று, சோதிக்க அவனுக்குத் தோன்றியது ஒன்றுதான். "அந்தப் பதினாறு வரியைச் சொல்லு" என்றான். எல்லா வல்லெழுத்தும் அதில் இருக்கிறது. அக்கா சொன்னாள். நடுவில் நான்கு இடத்தில் மூச்சு வாங்கினாள். ஒரு எழுத்துகூடச் சிதறவில்லை. அதை அவன் ஃபோனில் பதிவு செய்துகொண்டான்.

"சரளையைவிட நான் தேவலை. நான் மூச்சு விடுறேன்" என்றாள். மறுநாளே வேலைக்குப் போய்விட்டாள்.

பதினோரு மாதம் நன்றாக இருந்தது. பிறகு ஆறாவது ஆல்பம் வந்தது.

வழக்கம்போல மர நிழலில் கேட்டுவிட்டு வந்தாள். ஸ்டூலை இழுத்தாள். "முதல் பாட்டு..." என்று ஆரம்பித்தவள் நிறுத்திவிட்டாள். 'ட' மழுங்கி விழுந்தது. மறுபடி சொன்னாள். மறுபடி மழுங்கியது.

"டேய் பல்லா, செட்டு நாக்குல இடிக்குது. முதல்ல இதைச் சரி பண்ணு. எச்சில் ஒழுகிக்கிட்டு இந்த ஆல்பத்தைப் பத்திப் பேச மாட்டேன்."

"அப்படி என்ன இருக்கு அதுல?"

"சரி பண்ணிட்டுக் கேளு."

அவன் அரத்தை எடுத்தான். செட்டின் தகடு தடிமனாக இருந்தால் நாக்குக்கு இடம் போதாது, 'ட'வும் 'ல'வும் குழறும். தொழிலில் எல்லாருக்கும் தெரிந்தது. முன்பக்கம் கொஞ்சம் ராவினான். ஞாயிற்றுக்கிழமை பதினாறு வரியைச் சொல்லச் சொன்னான். ஏழாவது வரியில் நின்றாள். இன்னும் ராவினான். அடுத்த ஞாயிறு ஐந்தாவது வரியில் நின்றாள். ஓரம் உரசுகிறது, வலது பக்கம் நாக்கு எரிகிறது என்றாள், ஓரத்தை மழித்தான். "இன்னும் கொஞ்சம் எடுடா" என்று அவளே சொன்னாள். இருவருக்கும் பிடிவாதம் ஒன்று. மருத்துவரிடம் போகலாமா என்ற பேச்சு வரவேயில்லை. செட்டின் கோளாறுக்குச் செட் கட்டினவனைவிட்டு வேறு யாரிடம் போவார்கள்?

ஐந்தாவது வாரம் தகடு காகிதம் போல ஆகி, பந்துக்கு அருகில் ஒரு கீறல் விட்டது. காற்று கசிந்தது. இப்போது 'ப'வும் போயிற்று. அக்கா செட்டைக் கழற்றி அவன் மேஜையில் வைத்துவிட்டு, சொல்ல வேண்டியதை ஃபோனில் எழுதிக் காட்ட ஆரம்பித்தாள். டிரைவிங் ஸ்கூலில் லீவு சொல்லிவிட்டாள்; கார் மட்டும் அவளிடமே இருந்தது.

எவ்வளவு தடிமன் சரியாக இருந்தது என்று பார்ப்பதற்காக, ஒரு மத்தியானம், அவன் முதல் நாள் பதிவைப் போட்டுக் கேட்டான். பதினாறு வரியும் மணி மணியாக வந்தன. மாவு அச்சின் அடியில் அன்றைய அளவை அவனே பென்சிலில் எழுதியிருந்தான்: இரண்டரை மில்லிமீட்டர். கையில் இருந்த செட்டை அளந்தான். ஒன்றுகூட இல்லை. தடிமனாக இருந்தபோது வந்த 'ட', மெலிய மெலியப் போயிருக்கிறது. அதுவும் அரம் படும் முன்பே மழுங்க ஆரம்பித்தது. செட் மாறியதால் வாய் கெடவில்லை. வாய் மாறியிருக்கிறது.

அரத்தைக் கீழே வைத்துவிட்டு அக்கா வீட்டுக்குப் போனான்.

"வாயைத் திற."

திறந்தாள். எரிகிறது என்ற இடத்தை விரலால் காட்டினாள். நாக்கின் வலது ஓரத்தில், அடிப்பக்கமாக, வெளுத்துக் கெட்டித்துப் போன ஒரு திட்டு. அவன் அதையே பார்த்துக்கொண்டு நின்றான். மேல்வாயில் மாட்டுகிற செட் நாக்குக்கு அடியில் போய் எப்படி உரசும்? இந்தக் கேள்வி அவள் எரிகிறது என்ற அன்றே வந்திருக்க வேண்டும். அவன் கையில் அரம் இருந்தது, அதனால் வரவில்லை.

பெரிய ஆஸ்பத்திரியில் அந்தத் திட்டிலிருந்து துணுக்கெடுத்துச் செய்த பரிசோதனையின் முடிவு எட்டு நாளில் வந்தது. நாக்கில் பாதிக்கு மேல் எடுக்க வேண்டும் என்றார்கள். தேதியும் குறித்தார்கள், இருபத்திரண்டு நாள் கழித்து. பேச்சு எப்படி இருக்கும் என்று அவன் கேட்டதற்குப் பெரிய மருத்துவர், "இருக்கும். ஆனா பழகினவங்களுக்குத்தான் புரியும்" என்றார். "ஒரு மாசம் முன்னாடி வந்திருந்தா கொஞ்சமா எடுத்திருக்கலாம்" என்றும் சொன்னார். அவர் யாரையும் குற்றம் சொல்லவில்லை. கோப்பைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

திரும்பி வரும்போது அக்காதான் வண்டி ஓட்டினாள். அவன் பக்கத்தில் உட்கார்ந்து, "நான்தான் அக்கா. அஞ்சு வாரம் ராவிக்கிட்டே இருந்துட்டேன்" என்றான். அவள் ஓரமாக நிறுத்தி, ஹேண்ட்பிரேக் போட்டு, ஃபோனை எடுத்து எழுதினாள்: "வாய் என்னோடது. எனக்கே தெரியல. உனக்கு எப்படிடா தெரியும்?" அவன் படித்துவிட்டானா என்று பார்த்துவிட்டு, கண்ணாடியைப் பார்த்து, இண்டிகேட்டர் போட்டு வண்டியை எடுத்தாள்.

புதுச் செட் வேண்டும் என்று கேட்டதும் அவள்தான். பல் மருத்துவர் தயங்கினார்.

"அம்மா, ஆபரேஷனுக்கு அப்புறம் வாயோட அமைப்பே மாறிடும். இது பொருந்தாது. ரெண்டு மூணு வாரத்துக்காக எதுக்கு இந்தச் சிரமம்?"

அக்கா எழுதிக் காட்டினாள்: "அப்புறத்தை அப்புறம் பார்க்கலாம் டாக்டர். எனக்கு ஒரு ஆல்பத்தைப் பத்திப் பேச வேண்டியிருக்கு."

மருத்துவர் தம்பியைப் பார்த்தார். தம்பி மேஜையில் இருந்த அச்சுக் கரண்டியைப் பார்த்தான். அச்செடுத்துக் கொடுத்தார்.

மறைக்க எதுவுமில்லை என்பதால் அவன் முன்கூட்டியே சொல்லிவிட்டான்: "ப வரும், க வரும். மூக்குல பேச மாட்ட. ஆனா ட, ர, ல மூணும் முன்ன மாதிரி வராது. அது என் கையில இல்ல."

அக்கா பெருவிரலால் எழுதினாள்: "மிச்சம் இருக்கிற எழுத்து உன்னைத் திட்டப் போதும்."

ஒன்பது நாள் வேலையை நான்கு நாளில் செய்ய வேண்டும்; வேகவைக்கிற நேரத்தை மட்டும் குறைக்க முடியாது. மெழுகில் பல் நட்டு ஒரு முறை வாயில் வைத்துப் பார்த்தார்கள். பிடிப்புச் சரியாக இருந்தது. 'ப' சுத்தமாக விழுந்தது. அவள் கண்ணில் ஒரு வெளிச்சம் வந்தது. "சரி, சொல்லு, அந்த ஆல்பம் எப்படி?" என்றான் ஆசை தாங்காமல்.

"மெழுகுல பேச மாட்டேன். போ" என்றாள். குழறித்தான் வந்தது. அவனுக்குப் புரிந்தது.

வேலை நடந்த நான்கு நாளும் பட்டறையில் ஆறாவது ஆல்பம் சன்னமாக ஓடிக்கொண்டிருந்தது. அவனுக்கும் ஒரு கருத்து இருந்தது. இந்த முறை சரளை மூச்சை வெட்டவில்லை. ஒவ்வொரு வரிக்கும் முன்னால் இழுக்கிறான்; சில இடத்தில் இளைக்கிறான்; ஒரு பாட்டில் வரியைவிட மூச்சு நீளம். குரல் தேய்ந்துபோயிருக்கிறது. எட்டாவது பாட்டை அவனால் ஒரே ஒரு தடவைதான் கேட்க முடிந்தது. ஆனால் மூத்தவள் இன்னும் சொல்லவில்லை. அவன் யாரிடமும் வாய் திறக்கவில்லை, மனைவியிடம்கூட.

பந்தின் இரண்டு பாதிகளும் உட்கார்ந்தன. ஒட்டி, தண்ணீருக்குள் அமுக்கிப் பார்த்தான். ஒரு குமிழிகூட வரவில்லை, மிதந்தது. தகட்டை அளந்தான். இரண்டரை மில்லிமீட்டர். இன்னும் மெலிதாக்கினால் நாக்குக்கு நல்லது என்று கை பழக்கத்தில் அரத்தின் பக்கம் போனது, தொடாமல் இழுத்துக்கொண்டான். நுரைக்கல் மாவைக் குழைத்து மோட்டாரில் மெருகு போட்டான், முதலில் முரட்டுத் துணியில், பிறகு மெல்லிய துணியில். பல்லுக்கு இடையிலிருந்த வெள்ளைப் பொடியைப் பிரஷ்ஷால் எடுத்தான். இருபது நாள்கூட உழைக்க வேண்டாத செட்டுக்கு இருபது வருடத்துக்கான மெருகு. வேறு மாதிரி போட அவனுக்குத் தெரியாது.

வாசலில் டிரைவிங் ஸ்கூல் கார் வந்து நின்றது. அக்கா இறங்கி வந்தாள். சட்டையில் இஸ்திரி மடிப்புக் கலையாமல் இருந்தது. அவள் மெலிந்திருப்பது தோளில் தெரிந்தது. மேஜை மேல் சாய்ந்து செட்டைப் பார்த்தாள்; தொடவில்லை. பந்தின் அடியில் ஒட்டு எங்கே என்று கண்ணால் தேடிக் கண்டுபிடிக்க முடியாமல் புருவத்தை உயர்த்தினாள்.

"பொருத்துறப்ப மெதுவா, பின்பக்கம் முதல்ல" என்றான். "ராத்திரி கழட்டித் தண்ணியில போட்டு வை. எங்கேயாவது குத்தினா..."

குத்தினால் என்ன செய்வது என்று அவன் முடிக்கவில்லை. அவள் ஸ்டூலை இழுத்து உட்கார்ந்து, ஃபோனில் ஏதோ எழுதி, அவன் பக்கம் திருப்பினாள்.

"மோட்டாரை நிறுத்து. ஒரு மணி நேரம் ஆகும். நடுவுல பேசக் கூடாது."

அவன் மோட்டாரை நிறுத்தினான். ஓடிக்கொண்டிருந்த பாட்டையும் நிறுத்தினான். செட்டை இன்னொரு தடவை குழாயில் கழுவி, தண்ணீரை உதறி, கையைத் துடைத்துக்கொண்டு, அவள் நீட்டிய உள்ளங்கையில் வைத்தான்.