ஏழு அணிகள், ஒரு கழுத்து

திருகாணி விழுந்தது எனக்குத் தெரியவில்லை. சீமெந்துத் தரையில் அது துள்ளிய சத்தம்தான் சொன்னது. குனிந்து எடுத்தேன். மறுபடி விழுந்தது. இரண்டு விரல்களும் இன்னும் எதையோ பிடித்திருப்பதுபோலக் கூம்பியே இருந்தன.

சிட்னியின் செவன் ஹில்ஸில் சுவிட்ச்போர்ட் பூட்டும் பட்டறையில் எனக்கு வேலை. விரலால் பிழைக்கிறவன். அன்று மாலைவரை தடித்த கையுறை போட்டுச் சமாளித்தேன். கையுறை போட்டால் பழி கையுறைமேல் போய்விடும்.

இது கழுத்திலிருந்து வருகிறது என்று உள்ளே ஏதோ அன்றே சொன்னது. கேட்டும் கேளாமல் ஐந்து மாதம் ஓடினேன். இதே எரிவோடும் மரத்த விரல்களோடும் இதை வாசிக்கிறவருக்காக அந்த ஐந்து மாதத்தையும், அதற்கு முந்திய பதினாறு வருடத்தையும் எழுதுகிறேன்.

நான் கிரிட்அயர்ன் ஆடியவன். அமெரிக்கக் கால்பந்தை இங்கே அப்படித்தான் சொல்வார்கள். அதில் நான் லைன்மன். பந்தை எறிகிறவருக்கு முன்னால் வரிசையாக நிற்கும் ஐந்து தடியர்களில் ஒருவன். எதிரணி அவரை நெருங்காமல் கையாலும் நெஞ்சாலும் நெற்றியாலும் தடுக்க வேண்டும். தடுத்தபடியே பின்னால் போக வேண்டும். ஒரு மோதல் ஐந்தாறு வினாடி. எழும்பி, மண்ணைத் தட்டி, மறுபடி குனிய வேண்டும். ஒலிபெருக்கியில் என் பேர் வந்தால் நான் ஏதோ பிழை விட்டிருக்கிறேன் என்று அர்த்தம்.

தமிழ்ச் சங்கக் கிரிக்கெட்டில் அம்பயராக மட்டுமே நிற்கவிட்ட உடம்பு இது. நூற்றுப் பதினெட்டுக் கிலோ. பட்டறையில் ஒரு பெட்டியை நான் தனியே தூக்கியதைப் பார்த்த ஜோ, “ஞாயிற்றுக்கிழமை வா, உன்னைப்போல ஒருத்தன் தேவை” என்றான். தேவை என்று அதுவரை யாரும் என்னிடம் சொன்னதில்லை. போனேன்.

ஓர் அணியில் மூன்று பருவத்துக்கு மேல் நான் இருந்ததில்லை. யாரோடும் சண்டையில்லை. கால் நிற்காது, அவ்வளவுதான். வேலைக்காக மெல்பேர்ண் போய் ரோவிலில் குடியிருந்த காலத்தில் அங்கே இரண்டு அணி. சிட்னி திரும்பியபின் மேற்கே, தெற்கே, கடற்கரைப் பக்கம். எங்கே ஒருவனுக்கு முழங்கால் போனதோ அங்கே நான். ஏழு அணி, ஏழு நிறச் சட்டை.

ஒவ்வொரு அணியிலும் முதல் நாள் ஒரு படிவம் தருவார்கள். முன்பு கழுத்தில் காயம் உண்டா? ஏழு முறையும் இல்லை என்று எழுதினேன். அப்போது அது பொய்யாகத் தோன்றவில்லை. லைன்மன்கள் எல்லோருக்கும் ஸ்டிங்கர் வரும் (கழுத்து நரம்பு இழுபட்டு, தோளிலிருந்து விரல்வரை மின்சாரம் பாய்ந்ததுபோல எரிவது). ஒரு நிமிடத்தில் அடங்கும். கையை உதறிவிட்டு அடுத்த மோதலுக்கு நிற்போம். அதைக் காயம் என்று சொன்னால் உடைமாற்றும் அறையே சிரிக்கும்.

ஒரே இடத்தில் இருந்திருந்தால், ஒரே பிசியோ பார்த்திருந்தால், “உனக்கு இது அடிக்கடி வருகிறதே” என்று எப்போதோ கேட்டிருப்பார். ஏழு பிசியோக்களுக்கும் நான் முதல் தடவைக்காரன்.

என் மனைவி சுகந்தி முதலில் கண்டுபிடித்தது என் நடையை. கடையில் நான் தள்ளுவண்டியை விட்டுவிட்டுப் பால் எடுக்கப் போன பத்தடியில் பிடித்துவிட்டார்.

“ஏனப்பா குடிச்ச ஆள் மாதிரி நடக்கிறீங்கள்?”

“சப்பாத்து இறுக்கம்.”

“செருப்பெல்லோ போட்டிருக்கிறீங்கள்.”

குடும்ப வைத்தியர் எம்ஆர்ஐ எடுக்க அனுப்பினார். முடிவில் மைலோபதி என்று இருந்தது (கழுத்தெலும்புகளுக்கு நடுவே ஓடும் தண்டுவடம் நசுங்கி, கைகால்களுக்குப் போகும் செய்தி தடைப்படுவது). லேசானது என்றும் எழுதியிருந்தது. நான் அந்த ‘லேசானது’ என்பதை மட்டும் வாசித்தேன்.

வெஸ்ட்மீட் மருத்துவமனையில் எங்களை முதலில் பார்த்தவர் திருச்சிப் பக்கத்து இளம் மருத்துவர். நாங்கள் தமிழ் என்று தெரிந்ததும் கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டார்.

“கழுத்துல முன்னாடி ஏதாவது அடி பட்டிருக்கா அங்கிள்?”

“இல்லை.”

எட்டாவது முறை. வாய் பழகியிருந்தது.

வயதோடு வரும் தேய்மானமாகவும் இருக்கலாம், மூன்று மாதம் கழித்து இன்னொரு படம் எடுத்துப் பார்க்கலாம், எதற்கும் பெரிய டாக்டரிடம் கேட்டுவிட்டு வருகிறேன் என்று எழுந்தார். எனக்குள் ஒரு துள்ளல். மூன்று மாதத்தில் பருவம் முடிந்துவிடும். மிச்ச ஆட்டங்களை ஆடிவிடலாம்.

“இருங்கோ டொக்டர்,” என்றார் சுகந்தி. “இவர் பொய் சொல்லுறார்.”

மருத்துவர் திரும்ப உட்கார்ந்தார்.

“பதினாறு வருசமாக் கிரிட்அயர்ன் ஆடுறவர். நீலச் சட்டைக்குக் கை எரிஞ்சது ரெண்டு தரம். பச்சைக்கு ஒருக்கா, அண்டைக்குக் கரண்டியாலைதான் சோறு சாப்பிட்டவர். மெரூன் மெல்பேர்ணிலை, அதிலை எத்தினை எண்டு எனக்கே தெரியாது, ஞாயிறு ஞாயிறு கையை உதறிக்கொண்டுதான் வருவார். மஞ்சளுக்கு…”

“ஆன்ட்டி, கொஞ்சம் மெதுவா. எழுதிக்கிறேன். இதெல்லாம் எப்படி ஞாபகம் வச்சிருக்கீங்க?”

“சட்டை தோய்க்கிறது நானெல்லோ.”

மருத்துவர் சிரித்துக்கொண்டே எழுதினார். கறுப்புச் சட்டைக்கு வந்தபோது சிரிப்பு நின்றது.

“போன வருசம். தலைக்கவசத்தோடையே வந்து காருக்குள்ளை இருந்தவர். நாடிக்குக் கீழை இருக்கிற பட்டியை நான்தான் கழட்டினனான். ரெண்டு கையும் மடியிலை சும்மா கிடந்தது.”

“ரெண்டு கையுமா? ஒரே நேரத்துலயா?”

“ஓம்.”

“எவ்வளவு நேரம் அங்கிள்?”

சுவரில் தொங்கிய முதுகெலும்புப் படத்தைப் பார்த்தேன். “வீடு வந்து சேரும்வரை,” என்றேன்.

இதை வாசிக்கிறவர் வேறு எதை மறந்தாலும் இதை மறக்க வேண்டாம். ஸ்டிங்கர் ஒரு கையில்தான் வரும். இரண்டு கையிலும் ஒன்றாக வந்தால் அடி வாங்கியது தண்டுவடம். விளையாட்டை அந்த நிமிடமே நிறுத்த வேண்டும். நான் அதற்குப் பிறகு ஒன்பது ஆட்டம் ஆடினேன்.

பெரிய மருத்துவர் வந்தார். சுத்தியலால் முழங்காலைத் தட்டினார். நடுவிரல் நகத்தைச் சுண்டினார். மூன்று மாதம் என்ற பேச்சு போய் அடுத்த வாரமே அறுவைச் சிகிச்சை என்றானது. “இன்னுமொரு நல்ல மோதல் கிடைத்திருந்தால் சக்கர நாற்காலியில் வந்திருப்பாய். சிகிச்சை இனிமேல் கெடாமல் பார்க்கும். போனது திரும்பும் என்று நான் வாக்குத் தரமாட்டேன்.”

நடைகூடத்தில் கோபம் வந்தது. வெட்கத்துக்கு வேறு வழி கிடைக்காதபோது வரும் கோபம்.

“உமக்கேன் தேவையில்லாத வேலை?”

“நூற்றிப் பதினெட்டுக் கிலோவைத் தூக்கிக் குளிக்க வார்க்க என்னாலை ஏலாது,” என்றார். பிறகு தண்ணீர் எடுத்துவரப் போனவர் திரும்பி வர வெகுநேரம் ஆனது. கண் சிவந்திருந்தது.

தொண்டைப் பக்கமாகத் திறந்து, நசுங்கிய வட்டை (எலும்புகளுக்கு இடையில் இருக்கும் மெத்தை) எடுத்து, அந்த இடைவெளியில் ஒரு சிறு கூட்டை வைத்துத் தகட்டால் பூட்டினார்கள். விழித்தபோது விழுங்க முடியவில்லை. கால் விரலை ஆட்டச் சொன்னார்கள். ஆடியது. அதுவரை நான் வென்ற எந்த ஆட்டத்துக்கும் அப்படி அழுததில்லை.

பிறகு கழுத்துப் பட்டி. ஆறு வாரம். ஓடித் திரிந்தவனைக் கதிரையில் இருத்திவைத்தார்கள். குசினி, கூடம், படுக்கை. படுக்கை, கூடம், குசினி. நாளுக்கு எத்தனை தரம் நடந்தேன் என்று தெரியாது. உடம்பு நின்றாலும் உள்ளே யாரோ ஒருவன் ஓடிக்கொண்டே இருந்தான், அணி மாறி அணி மாறி. சின்னச் சத்தத்துக்கும் தொடை இறுகியது, மோதத் தயாராக. மோத யாருமில்லை. ஐந்தாறு வினாடிகளாக நறுக்கிப் பழகிய காலம் இப்போது நறுக்காமல் முழுப் பாறையாக முன்னால் கிடந்தது.

ஜோ வந்தான். வேறு அணி ஒன்று ஆள் தேடுகிறது, பயிற்சி சொல்லிக்கொடுக்கவாவது வா என்றான். கால் துடித்தது. சுகந்தி தேநீரை வைத்துவிட்டு அங்கேயே நின்றார். அவனுடைய கழுத்தை முதலில் படம் எடுக்கச் சொன்னேன். “எனக்கு ஒன்றுமில்லை” என்றான் ஜோ, கையை உதறியபடி. நான் விடவில்லை. எந்த எந்தச் சட்டையில், எத்தனை முறை என்று ஒவ்வொன்றாகக் கேட்டேன். தேநீர் ஆறிப்போனது.

அறுவைச் சிகிச்சை முடிந்து இப்போது எட்டு மாதம். நடை நேராகிவிட்டது. இடது கை ஏறத்தாழ என்னுடையது. வலது கை வேறு ஊரில் இருக்கிறது, அங்கிருந்து செய்தி தாமதித்து வருகிறது. பட்டறையில் திருகாணி வேலை இல்லை, வரைபடம் சரிபார்க்கிறேன். திரும்பிப் பார்க்க வேண்டுமானால் முழு ஆளும் திரும்ப வேண்டும். அதற்குள் பார்க்க வேண்டியது போய்விடும். போகட்டும் என்று விடப் பழகுகிறேன், சரியாகப் பழகவில்லை.

காலையில் பத்து நிமிடம் கைப்பயிற்சி. கண்ணை மூடிக்கொள்ள வேண்டும். சுகந்தி வலது உள்ளங்கையில் ஒரு பொருளை வைப்பார். தடவி, பேர் சொல்ல வேண்டும். முதல் வாரங்களில் எல்லாம் சரியாகச் சொன்னேன். சாவி என்றால் கிலுங்கும். சோப்பு மணக்கும். மிச்சத்தை இமையிடுக்கால் பார்ப்பேன்.

“களவு,” என்றார் ஒருநாள். “உங்கட கைக்கு உங்கட கண் பொய் சொல்லிக்குடுக்குது.”

இன்றைக்கு எதையோ வைத்திருக்கிறார். சத்தமில்லை, மணமில்லை.

“என்ன?”

ஊகத்தில் நாலைந்து பெயர்கள் வாயில் வந்தன. விழுங்கினேன்.

“தெரியேல்லை.”

“தெரியேல்லையெண்டால் இருங்கோ. எனக்கு வேலைக்கு இன்னும் நேரமிருக்கு.”

இருக்கிறேன். முதலில் எடை வருகிறது. நெடுநேரம் கழித்து ஒரு குளிர்ச்சி. பெருவிரல் ஓரத்தில் விளிம்பு மாதிரி ஒன்று, வந்து போகிறது. சுகந்தி மூச்சு விடுவது கேட்கிறது. கால் எழும்பப் பார்க்கிறது, இமை திறக்கப் பார்க்கிறது. இன்னும் என்னவென்று தெரியவில்லை. கையை மூடி வைத்திருக்கிறேன்.