ஜூன் முப்பத்தொன்று

பேயைப் பார்த்தேன் என்று யாராவது சொன்னால், எந்தத் தேதியில் என்று கேட்கிற ஆள் நான். தொழில் அப்படி. தென்காசியில் உட்கார்ந்து லாட்ஜுகளுக்கும் கடைகளுக்கும் இணையதளம் செய்து கொடுக்கிறேன். ஜனங்கள் படிவத்தில் கண்டபடி அடிக்கிற தேதிகளைச் சோதித்து, இல்லாத தேதியென்றால் சிவப்பு எழுத்தில் திருப்பி அனுப்புவதுதான் பிழைப்பில் பாதி. ஆகவே நீங்கள் சிரிக்கலாம். உங்கள் இடத்தில் நானும் சிரித்திருப்பேன்.

கோமதி என் மனைவி. தென்காசிக்காரர்களுக்கு ஒரு வியாதி உண்டு. சென்னைக்காரன் விடிய விடிய பஸ்ஸில் வந்து குற்றாலம் அருவியில் குளிப்பான், நாம் பத்து நிமிஷ தூரத்தில் இருந்துகொண்டு ‘அருவி எங்க போயிரப் போகுது’ என்போம். சாரல் தொடங்கியதும் அவள் தேய்த்துக் குளிக்க ஒரு பாட்டில் நல்லெண்ணெய் வாங்கி வைத்துக்கொண்டு, அருவிக்கு எப்போது போகலாம் என்று கேட்பாள். “ஜூன் முப்பத்தொண்ணாந்தேதி கண்டிப்பா போறோம்” என்பேன். முதல் வருஷம் நம்பினாள். பிறகு காலண்டரைப் பார்த்துவிட்டு, “ஏங்க, வெக்கமா இல்ல? ஊராளு தேதியெல்லாம் திருத்துதவரு சொல்லுத தேதியா இது?” என்றாள். அதுவே எங்கள் வீட்டு வேடிக்கையாகி வருஷா வருஷம் ஓடியது. மூன்று வருஷத்துக்கு முன் பங்குனியில் இறந்துபோனாள். அவள் கடைசியாக வாங்கிய பாட்டிலை சீல் உடைக்காமல் அடுக்களை அலமாரியில் வைத்திருந்தேன். தினமும் கண்ணில் படும்.

போன ஜூன் இரண்டாவது வாரம், நல்ல பகல் பதினோரு மணி. குற்றாலத்தில் நான் தளம் செய்து கொடுத்த லாட்ஜின் மேனேஜர் அண்ணாச்சி போன் செய்தார்.

“என்னவே, ஜூன் மாசத்துக்கு ஒரு நாள் கூட்டிப் போட்டிருக்கீரு? முப்பத்தொண்ணுக்கு ரூம் கேட்டு வந்திருக்கு. ரெண்டு பேராம்.”

“அதெல்லாம் வராது அண்ணாச்சி. சிவப்புல திட்டிரும்.”

“திட்டலயேவே. இங்கன வந்து பாரும்.”

போனேன். இருந்தது. பெயர் கோமதி. கட்டாயம் நிரப்ப வேண்டிய செல் நம்பர் காலி. ‘வேறு தேவைகள்’ என்ற கட்டத்தில், ‘எண்ணெய் வீட்டிலிருந்தே கொண்டு வருகிறோம்.’ நம்பினால் நம்புங்கள், அங்கேயே உட்கார்ந்து அதே தேதியை ஏழெட்டுத் தடவை அடித்துப் பார்த்தேன். ‘அப்படி ஒரு தேதி இல்லை’ என்று நான் எழுதிவைத்த வாசகமே என்னைத் திட்டியது. சோதனையைக் கழற்றிவிட்டு அடித்தால், அதைத் தானாக ஜூலை ஒன்று என்று மாற்றிக்கொண்டது.

“யாருவே அது கோமதி?”

“தெரிஞ்சவங்கதான்.”

“அப்பம் நீரே சொல்லி ரத்து பண்ணிரும். சீசன் நேரம்.”

அந்த ரூமை எனக்கே விட்டுவையும் என்று சொல்ல வாயெடுத்தேன். எந்த நாளைக்கு என்று கேட்பாரே. மனசில்லாமல் பொத்தானை அழுத்தினேன். திரையில் வந்தது: ‘தங்கிய நாள் முடிந்துவிட்டது. ரத்து செய்ய இயலாது.’ கடந்துபோன நாட்களுக்கு மட்டும் வரும்படி நான் எழுதியிருந்த வரி அது.

சாரலில் நனைந்தபடி வீட்டுக்கு வண்டியை விட்டேன். நேரே அடுக்களை. பாட்டிலின் சீல் உடைந்திருந்தது. வீட்டுச் சாவி ஒன்றுதான், அதுவும் என்னிடம்; நான் சாப்பிடுவதோ மெஸ்ஸில். தலைக்குத் தேய்க்கிற அளவுக்கு எண்ணெய் குறைந்திருந்தது.

ரெண்டு பேர் என்றுதான் எழுதியிருந்தாள். குறைந்திருந்தது ஒரு ஆளுக்கான அளவு.