சாக்குக்குப் பின்னால் காய்ந்த துணி

பழந்துணி வேண்டுமென்றால் முதலில் புதுத்துணி வாங்கியிருக்க வேண்டும். எழுபதுகளில் கேரள மலையில், உடும்பஞ்சோலைப் பக்கத்து ஏலத்தோட்டத்தில் அம்மாவும் நானும் கூலிக்குச் சேர்ந்தபோது ஆளுக்கு இரண்டு சேலைதான். கிழிந்த பாவாடையிலிருந்து நான் எடுத்து வைத்திருந்த தீட்டுத்துணியும் இரண்டே துண்டு. ஒன்று உடம்பில், ஒன்று கொடியில். சாயாக்கடைக்கு வரும் மைதா மாவுச் சாக்கு நல்ல வெள்ளைத் துணி. ஆனால் ஆண்கள் முந்திக்கொண்டு அதில் கால்சட்டை தைத்துவிடுவார்கள். பின்புறத்தில் நீல எழுத்துத் தெரிய அவர்கள் நடக்கும்போது எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

கீழே எங்கள் கம்பம் ஊரில் துவைத்துப் போட்டால் ஒரு மணி நேரத்தில் காய்ந்துவிடும். மலையில் ஆடி மழை விட்டால்தானே? கூலிக்காரர்கள் குடியிருந்த லயத்து அறைக்குள் கொடியில் கிடந்த துண்டு மூன்றாம் நாளும் சொதசொதவென்றே இருந்தது. ஈரத்தையே கட்டிக்கொண்டு காய் பறிக்கப் போய்த் தொடை இரண்டும் புண்ணாகிவிட்டன. வீட்டில் கிடக்கவும் வழியில்லை. காய்ப்பறிப்பில் சேர்ந்தாற்போல் மூன்று நாள் வராதவளுக்கு வேலை கிடையாது என்று கங்காணி முதல் நாளே சொல்லியிருந்தார்.

தோட்டத்தில் சூடான இடம் ஒன்றுதான். ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோர். தூரமானவள் அதற்குள் போனால் காயின் பச்சை நிறம் வெளுத்துவிடும் என்பார்கள். அங்கே காய் தரம் பிரிக்கும் அக்கா ஒருத்தி சரியான சண்டைக்காரி. "தூரமானவ எவளாச்சும் உள்ள காலு வச்சீங்க, வெளக்கமாறு பிஞ்சிரும்" என்று காலையில் வாசலில் நின்று கத்தாமல் அவளுக்குப் பொழுது விடியாது.

அடுத்த மாதம் என்னால் முடியவில்லை. மத்தியானம், உலர்த்தும் அடுப்புக்குத் தீப் போடுகிற சேட்டன் கஞ்சி குடிக்கப் போனதும், பிழிந்த துணியைக் கூடைக்குள் மறைத்துக்கொண்டு ஸ்டோருக்குள் நுழைந்தேன். உலர்த்தும் அறையை ஒட்டிய சின்ன அறையில், சுடுகிற சுவரோரமாகக் காலிச் சாக்குகளைத் தொங்கவிட்டிருந்தார்கள். ஒரு சாக்கை விலக்கினேன். பின்னால் துணி. அடுத்ததை விலக்கினேன். அங்கேயும் துணி. சீட்டித்துண்டு, வேட்டிக் கிழிசல், மைதாச் சாக்கு என்று ஏழெட்டுப் பேருடையது மொரமொரவென்று காய்ந்துகொண்டிருந்தது. பயத்தை மீறி எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

திரும்பினால் அந்த அக்கா நிற்கிறாள். என் முகத்தைப் பார்த்தாள், கையிலிருந்ததைப் பார்த்தாள். வேலை போயிற்று என்றே நினைத்தேன்.

"அந்தச் சாக்கு என்னுதுடி. நீ கடைசிச் சாக்குல போடு" என்றாள்.

அவள் என் துண்டைப் பிடுங்கி விரித்துப் பார்த்தாள். "இத்துனூண்ட வச்சுக்கிட்டு எப்படிடி காலந்தள்ளுற?" என்று தன் சாக்குக்குப் பின்னால் கைவிட்டு, மைதாத் துணி ஒன்றை உருவி என் கையில் திணித்தாள். இளஞ்சூடாக, ஏலக்காய் வாசனையோடு இருந்தது. காய்ந்த துணி கட்டிக்கொள்வது இவ்வளவு சுகமா என்று அன்றைக்குச் சந்தோஷத்தில் அழுதேன். அந்த மழைக்காலத்தில் ஒரு நாள்கூட நான் வேலைக்கு மட்டம் போடவில்லை.

மறுநாள் காலையிலும் அவள் வாசலில் நின்று வெளக்கமாறு என்று கத்தினாள். "சரிக்கா" என்று எல்லோருக்கும் முந்தி நான்தான் குரல் கொடுத்தேன்.

சீசன் முடிவில் கம்பம்மெட்டிலிருந்து வந்த வியாபாரி காயைக் கையில் அள்ளி, இப்படியொரு பச்சையை வேறெந்த ஸ்டோரிலும் பார்க்கவில்லை என்றார்.

"எங்க பொம்பளைக அம்புட்டுச் சுத்தபத்தமய்யா" என்றாள் அக்கா, சிரிக்காமல்.