கோர்னருக்கும் ஊதலாம்

சுவிஸில் ஷ்லீரன் மைதானம், ஞாயிறு மத்தியானம், தூறல். ஈழத்தமிழர்களின் கால்பந்து அணி போன பருவத்தில் தன் பிரிவில் முதலிடம் பிடித்து, இப்போது மேல்பிரிவில் ஆடுகிறது. அதாவது, வாராவாரம் தோற்கிறது. மதுரையிலிருந்து வந்திருக்கும் நானும் இன்றைக்கு இவர்கள் கட்சி. பக்கத்தில் அந்தோனி அண்ணன், மடியில் ட்ரம்பெட். நம் அணி கோல் போட்டால் ஊதுவது அவர் பொறுப்பு.

எதிரணி நான்கு கோல் போட்டாயிற்று. நமக்கு ஒரு கார்னர் கிடைக்கிறது. அண்ணன் எழுந்து நின்று ஊதித் தள்ளுகிறார். எதிர்ப்பக்கத்துச் சுவிஸ்காரர்கள் குழம்பிப்போய் ஸ்கோர் பலகையைப் பார்க்கிறார்கள்.

"கோல் விழலையே அண்ணே?"

"தம்பி, இது மேல்பிரிவு. கோலுக்கு மட்டும்தான் ஊதுறதெண்டால் இதை வீட்டிலையே வச்சிட்டு வரலாம். கோர்னருக்கும் ஊதலாமெண்டு கூட்டம் போட்டு முடிவெடுத்தனாங்கள்."

"அப்ப இந்த வருஷம் என்ன எதிர்பார்க்கிறீங்க?"

"ஒரு மட்ச்சிலை ஐஞ்சு கோல் வாங்காமல் விட்டால் அதுவே காணும்."

சொல்லிவிட்டுக் குனிந்து ரோல்ஸ் பொட்டலத்தைப் பிரிக்கிறார். அந்த நேரம் பார்த்து, நம் பையன் ஒருவன் தலையால் முட்டிய பந்து வலைக்குள் போய் விழுகிறது. கூட்டம் கத்துகிறது.

"அண்ணே, கோல்!"

அண்ணன் ட்ரம்பெட்டைத் தொடவில்லை. நிமிராமலே கேட்கிறார்:

"ஐஞ்சோ?"